மனுஸ்கிரிப்டா இதழ் ஓலைச்சுவடி படிப்பவருக்கு உதவுமா?

பேட்டைப் பையன்:
அண்ணாச்சிமாரே, சுவடியியல் படிக்கிறேன். செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் 1957ல் தொடங்கிய, பழைய கையெழுத்து நூல்களை ஆராயும் மனுஸ்கிரிப்டா இதழைப் படிக்கச் சொல்கிறார்கள். புரட்டினால் லத்தீன், தோல் ஏடு, ஐரோப்பிய மடங்கள் என்றே போகிறது. ஆழ்வார்திருநகரியில் சொந்தக்காரர் வீட்டு ஓலைக்கட்டுகளைப் பற்றி எழுத நினைக்கும் எனக்கு அதில் என்ன கிடைக்கும்?

குறுக்குத்துறையான்:
கண்டிப்பாகப் படி தம்பி, அவர்கள் பார்க்கிற முறைக்காகவே படிக்கலாம். ஒரு கையெழுத்து நூலை எடுத்தால் தோலில் மயிர் இருந்த பக்கம் எது, சதைப் பக்கம் எது, ஏடுகளை எத்தனை எத்தனையாக மடித்துச் சேர்த்தார்கள், எத்தனை பேர் எழுதியது, ஓரத்தில் குறிப்பு எழுதியது யார், எந்த மடத்திலிருந்து எங்கே போனது என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். இங்கே பல நேரம் பாடத்தைப் பெயர்த்து எழுதியதும் கட்டைத் திரும்பக் கட்டி வைத்துவிடுகிறோம். ஓலையின் நீள அகலம், துளை, மேலும் கீழும் வைக்கும் மரச்சட்டம், துளையில் செருகும் நாராசக் கம்பி, மை தடவியதா இல்லையா, இதையெல்லாம் யார் பதிகிறார்கள்? எனக்கு இது பெரிய ஆதங்கம். உ.வே.சா. பத்துப்பாட்டுப் பிரதி தேடி வந்த ஊர் உன் ஆழ்வார்திருநகரி, விட்டுவிடாதே.

தென்திருப்பேரை வாசகி:
அண்ணாச்சி சொன்னது சரி. ஆனால் தோல் ஆயிரம் வருடம் தாங்கும், நம் வெயிலிலும் பூச்சியிலும் ஓலை முந்நூறு நானூறு வருடம் நின்றாலே பெரிது. அதனால் நூல் பழையதாக இருந்தாலும் கையில் இருப்பது பிற்காலப் பிரதியாகத்தான் இருக்கும். பிரதியின் காலத்துக்குக் கடைசி ஏட்டைப் பாருங்கள், நம் பக்கம் கொல்லம் ஆண்டு போட்டிருப்பார்கள், ஆவணியில் ஆண்டு பிறப்பதால் மாதத்தைப் பார்த்து 824 அல்லது 825 கூட்டினால்தான் ஆங்கில ஆண்டு வரும். அப்புறம், ஏட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடும் தெரியாது. திருத்திய பாடம் தனியாக இருக்கட்டும், ஏட்டில் உள்ளபடியே ஒரு படியும் எழுதி வையுங்கள்.

சுவடிப்பித்தன்:
ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தின் மனுஸ்கிரிப்ட் கல்ச்சர்ஸ் இதழையும் பாருங்கள், இணையத்தில் இலவசம், ஆசியச் சுவடிகளுக்கும் இடம் கொடுக்கிறார்கள்.

பேட்டைப் பையன்:
நன்றி அண்ணாச்சி, அக்கா. ஒரு கட்டில் இரண்டு நூல் கலந்திருக்கிறது, ஏடுகளை நூல்வாரியாகப் பிரித்து அடுக்கலாமா?

குறுக்குத்துறையான்:
இப்போது வேண்டாம் தம்பி. இருக்கிற வரிசையிலேயே எண் கொடுத்து இரண்டு பக்கமும் படம் எடு. கலந்து கட்டியது யார், ஏன் என்பதும் ஆராய வேண்டிய விஷயம்தான்.