செகிமோட்டோ தரையிலேர்ந்து தூக்குற அந்த ஜெர்மன் சூப்ளெக்ஸ்: பார்த்தவங்க எழுதுங்க

மூணாவது கவுண்ட்:
பிக் ஜப்பான் ப்ரோ ரெஸ்லிங் கம்பெனி பத்தி இங்க யாருக்கும் விளக்கத் தேவையில்ல, நேரா விஷயத்துக்கு வர்றேன். அங்க பேர் வாங்கின டைசுகே செகிமோட்டோவோட டெட்லிஃப்ட் ஜெர்மன் சூப்ளெக்ஸ், அதாவது தரையில கிடக்குறவனைப் பின்னாடிலேர்ந்து இடுப்போட கட்டித் தூக்கி, பின்பக்கமா வளைஞ்சு போடுறது. எதிராளி குப்புறக் கிடக்குறான், எழுந்திருக்கிற நெனப்பே இல்ல. இவர் பின்னாடி வந்து இடுப்பெலும்புக்குச் சித்த மேல கையைச் சுத்திக் கட்டுறார். விரலோட விரல் கோக்குறதில்ல. உள்ளங்கையோட உள்ளங்கை, கட்டைவிரல் ஒட்டி இருக்கும். கால் தோள் அகலத்தை விட ஒரு சாண் கூட விரியும். மொதல்ல முட்டி உயரம் வரைக்கும் தூக்குவார். அங்க ஒரு நொடி அப்படியே நிக்கும்.

அந்த ஒரு நொடிதான் என்னை விடவே மாட்டேங்குது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல இருக்குற சதை காது மடல் வரைக்கும் ஏறி நிக்கும், தொடையில கோடு கோடாப் பிரியும், எதிராளியோட கால் ரெண்டும் ஈரத்துணி மாதிரி தொங்கும். அப்புறம்தான் பின்னாடி வளையுறார்.

சாதாரண ஜெர்மன்ல வாங்குறவனும் ஒரு சின்னக் குதி குதிச்சுக் கொடுப்பான், பாதி எடை அதுல போயிரும். படுத்துக் கிடக்குறவன் எங்கேர்ந்து குதிக்க? 110 கிலோன்னா 110 கிலோவும் இவர் இடுப்புலதான். மனுஷன் உயரம் சுமார் 175 செ.மீ. ரெஸ்லிங் ட்ரம்ப் கார்ட்ஸ்ல இவர் சீட்டு வந்து "ஹைட்" சொன்னவன் கதை முடிஞ்சுது.

கயிறு ஓரம்:
ஜெர்மன் சரிதான் ண்ணே, ஆனா சாப்பை, அதான் நெஞ்சுல விடுற அறையை, விட்டுட்டீங்களே. 2015 ஜூலை 20, டோக்கியோவுல சுமோ நடக்குற ரியோகோகு கோகுகிகான் அரங்கு, பிக் ஜப்பானோட 20-ஆம் வருஷ ஷோ. எதிர்ல யூஜி ஒகபயாஷி. அவர் பளு தூக்குற விளையாட்டுலேர்ந்து வந்த ஆளு. ரெண்டு பேரும் டேக்ல ஜோடி, 2011-ல ஆல் ஜப்பான்ங்கிற இன்னொரு கம்பெனி பக்கம் போய் ஆல் ஏஷியா டேக் பெல்ட்டே தூக்கிட்டு வந்தவங்க. அப்படிப்பட்ட ரெண்டு பேர் நேருக்கு நேர் நின்னு மாத்தி மாத்தி நெஞ்சுல அறையுறாங்க. ஒருத்தரும் கையைக் குறுக்க வைக்கல.

சாப் விழுற எடம் காரை எலும்புக்குக் கீழ நாலு விரல் தள்ளி. அதுக்கு மேல போனா தொண்டை, கீழ போனா விலா, ரெண்டுமே கெடுதல். வாங்குறவர் மூச்சை இழுத்து நெஞ்சை நிமித்திக் கொடுப்பார். நிமித்தினாத்தான் அடி சதையில பரவும். கூனிக்கிட்டு வாங்கினா எலும்புல எறங்கும். மொதல்ல சிவப்பு, பத்து நிமிஷத்துல ஊதா, அப்புறம் புள்ளி புள்ளியா ரத்தம் கட்டும். அன்னிக்கு பெல்ட் ஒகபயாஷி கைக்குப் போச்சு, ஆனா கண்ணுக்குள்ள நிக்கிறது அந்த ஊதா நெஞ்சுதான்.

லைட் ஹெவி:
சாப் சத்தம்லாம் தொடையைத் தட்டிக்கிறது ப்ரோ. எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம்.

கயிறு ஓரம்:
உதைக்குச் சொல்லுங்க, ஒத்துக்கறேன். உதைக்கும்போது ஒரு கை சும்மா இருக்கு, தொடையில தட்டலாம். சாப்புக்கு வீசுற கையே நெஞ்சுல படுது, இன்னொரு கை பல நேரம் எதிராளி தலையைப் பிடிச்சிருக்கு. மூணாவது கை எங்கேர்ந்து வந்துச்சு? சத்தம் வர்றது விரலை ஒட்டி வச்சு வெறும் நெஞ்சுல அடிக்கிறதால. விரல் விரிஞ்சா சத்தமும் போச்சு, சுண்டு விரலும் போச்சு.

பழைய பெல்ட்:
ரெண்டு பேரும் சதையையே பார்த்துட்டு இருக்கீங்க. தூக்குறது பாதி வேலைதான் தம்பிகளா. செகிமோட்டோ ஜெர்மனை ஜெர்மனாக்குறது கடைசியில நிக்கிற பாலம். குதிகால் தரையில படாது. பெருவிரல் நுனியும் உச்சந்தலையும் மட்டும் ஊன்றி, இடுப்பு வானத்தைப் பார்த்து நிக்கும். அதனாலதான் எதிராளியோட ரெண்டு தோளும் மேட்ல அழுந்தி மூணு எண்ண முடியுது.

குதிகால் எறங்கினா இடுப்பு தொங்கும், இடுப்பு தொங்கினா ஒரு தோள் எழும்பிரும், ரெஃப்ரி ரெண்டோட நிறுத்திருவார். கைக்கட்டு சீக்கிரம் அவுந்தா இன்னும் மோசம். வாங்குறவன் காத்துல தனியாச் சுத்திக் கழுத்துல விழுவான்.

பேர்லயும் ஒரு குழப்பம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். இதை ஜப்பானுக்குக் கொண்டு வந்தவர் கார்ல் காட்ச், 1961-ல. ஆள் ஜெர்மன்காரர்னு போஸ்டர்ல போட்டாங்க, அதான் "ஜெர்மன்". உண்மையில 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல பெல்ஜியத்துக்காக மல்லுக்கட்டினவர். ஜப்பான்ல இதுக்கு கென்பாகு-கதாமேன்னு இன்னொரு பேரு, அணுகுண்டுப் பிடி. ஹிரோஷிமா நடந்த நாட்டுலயே அந்தப் பேரை வச்சிருக்காங்கன்னு நெனச்சுப் பாருங்க.

சீட்டுக்கட்டு 52:
காட்ச் பேரை எடுத்துட்டீங்க, இனி கையை நிறுத்த முடியாது. செகிமோட்டோ பாலம் ஜிம் மெஷின்ல வர்றதில்ல. ஜப்பான் டோஜோவுல, அதான் பயிற்சிக் கூடத்துல, புதுப் பசங்களுக்கு மொதப் பாடமே பஸ்கி. அதை அவங்க இன்னும் "ஹிண்டு ஸ்குவாட்"னுதான் சொல்றாங்க. நம்ம நாட்டு மல்யுத்தக் கூடமான அகாடாவுல எடுக்குற பைத்தக்தான் அது. தண்டாலும் அப்படியே போயிருக்கு. நூத்துக்கணக்குல எடுக்க விடுவாங்க, வேர்வை சொட்டித் தரையில குளம் கட்டணும்.

காட்ச் வழி இது: ஒரு சீட்டுக்கட்டு எடுங்க. நாலு சின்னத்துல (ஸ்பேட், ஹார்ட் மாதிரி) ரெண்டு சின்னத்துக்குத் தண்டால், ரெண்டு சின்னத்துக்குப் பஸ்கி. கலைச்சு வச்சு ஒவ்வொண்ணாப் புரட்டணும். சீட்டுல என்ன எண் இருக்கோ அத்தனை. படச் சீட்டுக்கு 10, ஆஸுக்கு 11-ன்னு வச்சுக்கலாம். 52 சீட்டும் முடிஞ்சா கட்டு முடிஞ்சுது. கூட்டிப் பாருங்க, ஒரு சின்னத்துக்கு 95, ஆக 190 தண்டால், 190 பஸ்கி. புதுசா ஆரம்பிக்கிறவங்க கால் கட்டோட நிறுத்திக்கலாம், 13 சீட்டு போதும்.

பஸ்கியில எல்லாரும் பண்ற தப்பு, எறங்கும்போது மூச்சை அடக்கிட்டு முட்டியை உள்பக்கம் மடக்குறது. முட்டி கால்விரல் பார்க்கிற திசையிலயே போகணும், கீழ போகும்போது குதிகால் தானா எழும்பும், எழும்பட்டும்.

அப்புறம் பாலம். மல்லாக்கப் படுத்து குதிகாலைப் பிட்டத்துக்குப் பக்கத்துல இழுத்து வச்சுக்குங்க. கையைக் காதுக்கு ரெண்டு பக்கமும் ஊன்றி இடுப்பை எழுப்புங்க. உச்சந்தலை மேட்டுல பட்டதும் எடை முக்கால்வாசி கையிலதான் இருக்கணும். 10 நொடி, எறங்கு. ஒரு மாசம் இதுக்கு மேல போகவே கூடாது. அப்புறம் மெல்ல உச்சந்தலையிலேர்ந்து நெத்திக்கு உருளணும், மூக்கு மேட்டைத் தொடப் பார்க்கும். கையை எடுக்குறது கடைசி. கைவிரல்ல மரத்துப் போறது, தோள்ல மின்சாரம் பாயுற மாதிரி சுருக்குன்னு இழுக்குறது, இதுல எது வந்தாலும் அன்னியோட பாலத்தை மறந்துட்டு டாக்டரைப் பாருங்க. கோரைப்பாய், யோகா மேட் ரெண்டும் இதுக்கு ஆகாது. ரெண்டு விரல் கனமான ரப்பர் மேட்டாவது வேணும். ஆளைத் தூக்கிப் போடுற வேலையை மொட்டை மாடியில பண்ணவே வேண்டாம்.

லைட் ஹெவி:
கேட்டது ஜெர்மன் பத்தி. கிடைச்சது பி.டி. பீரியட்.

ட்யூப் ரூம்:
😄 நான் வேற கோணத்துல சொல்றேன். செகிமோட்டோ ஏன் இவ்வளவு தனியாத் தெரியறார்னா, அவர் நிக்கிற எடம் அப்படி. பிக் ஜப்பான் 1995-ல ஆரம்பிச்ச கம்பெனி, கண்ணாடி, ட்யூப்லைட் மாதிரி ஆபத்தான சாமானை வச்சு ரத்தம் சிந்த நடத்துற டெத் மேட்ச்தான் அடையாளம். 1996-ல ரிங்ல பிரான்ஹா மீன் தொட்டி வச்சு நடத்தினவங்க. நாலடி ட்யூப்லைட்டைக் கட்டுக் கட்டா டேப் போட்டுக் கயித்துல மாட்டி வச்சுடுவாங்க. ட்யூப் உள்ள காத்தழுத்தம் கம்மி, அதான் உடையும்போது "டப்"னு உள்வாங்கி வெடிக்கும். வெள்ளைப் புகை மாதிரி பறக்குறது கண்ணாடிக்கு உள்ள பூசின பொடி, கூடவே கொஞ்சம் பாதரசமும். கண்ணாடி மெல்லிசு, அதனால வெட்டு ஆழமில்ல, ஆனா நூறு எடத்துல. கண்ணாடியை விட மோசம் ரெண்டு முனையிலயும் இருக்குற உலோக மூடி. ஊசியோட உருண்டு கிடக்கும், பாதம் வச்சா கணுக்கால் சுளுக்கிரும்.

1999-ல செகிமோட்டோ வந்து சேர்ந்தது இப்படி ஒரு எடத்துக்கு. ஹைஸ்கூல்ல பேஸ்பால் ஆடின பையன். அதே மேட்ல அவர் கறுப்பு ட்ரங்க்ஸ், வெறும் கை, பிடி, அறை, கையை நீட்டிக் கழுத்துல அடிக்கிற லாரியட்னு மட்டும் நின்னு ஜனத்தை எழுப்புறார். அவங்க ஷோ நடத்துற டோக்கியோ கொராகுவென் ஹால் அஞ்சாவது மாடி, சின்ன அரங்கு, தெற்குப் பக்கம் செங்குத்தா ஏறுற பெஞ்சு. அந்தப் பக்கத்து வீடியோ கிடைச்சா மேலேர்ந்து பாருங்க, வளைவு முழுசாத் தெரியும்.

மூணாவது கவுண்ட்:
பழைய பெல்ட் ஐயா, பாலத்தை ஒத்துக்கறேன். ஒண்ணு மட்டும் கேக்கறேன். மெதுவாத் தூக்கிப் போடுறதுல வேகம் கம்மி, வாங்குறவனுக்குத் தாடையை நெஞ்சோட ஒட்ட நேரம் கிடைக்குது. அப்போ டெட்லிஃப்ட் பாதுகாப்பானதுதானே?

பழைய பெல்ட்:
வாங்குறவனுக்கு, பாதி உண்மை. பாதி வழியில பலம் தீர்ந்து வளையாம நேராக் கீழ உக்காந்தா வட்டம் சின்னதாயிரும், தோள் விழ வேண்டிய எடத்துல உச்சந்தலை விழும். முழு வட்டம் வந்தாத்தான் மேல் முதுகுல பரவி விழுவான். போடுறவனுக்கு இன்னும் கஷ்டம். குனிஞ்ச முதுகோட 110 கிலோவை இழுத்தா கீழ் முதுகுத் தட்டு பிதுங்கிரும். செகிமோட்டோ தூக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை இடுப்பைக் கீழ எறக்கி முதுகை நேராக்குவார், மார்பை எதிராளி முதுகோட ஒட்டுவார். அரை நொடிதான், வீடியோவை மெதுவா ஓட்டினாத்தான் தெரியும்.

கயிறு ஓரம்:
மெதுவா ஓட்டிப் பார்த்தாச்சு. கரெக்ட். தலையையும் எதிராளி விலாப் பக்கம் ஒரு ஓரமா ஒதுக்கி வைக்கிறார், பின்னந்தலையில மூக்கு இடிக்காம.

லைட் ஹெவி:
சரி, சாப் விஷயத்துல நான் தோத்தேன். அந்த ரியோகோகு மேட்ச்ல எத்தனை சாப்னு யாராவது எண்ணுனீங்களா?

கயிறு ஓரம்:
ரெண்டு தடவை எண்ணினேன், ரெண்டு கணக்கு வருது.