மறு: லோட் பேலன்சருக்குத் தமிழ் – ‘சுமைப் பகிர்வி’

ஐயா, வணக்கம். வரும் கோரிக்கைகளைப் பல வழங்கிகளுக்கு (சர்வர்) பிரித்தனுப்பும் லோட் பேலன்சருக்குச் ‘சுமைப் பகிர்வி’ என்ற பெயரை முன்வைக்கிறேன்; நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில் இது.

> ‘சுமை சமன்படுத்தி’ ஏற்கெனவே புழங்குகிறது. புதுச்சேரி மாணவர்களுக்கான கையேட்டிலும் அதையே வைத்துவிடலாமே?

வேண்டாம் என்றே சொல்வேன். பழகிய சொல்லை மாற்றுவது எனக்கும் பிடிக்காது, ஆனால் இந்தக் கருவி எதையும் சமன்படுத்துவதில்லை. வில்லி டாரோ 2001-இல் வெளியிட்ட ஹெச்ஏபிராக்சி என்ற லோட் பேலன்சர் மென்பொருளையே பாருங்கள். ஒரு வழங்கிக்கு எடை 3, இன்னொன்றுக்கு 1 என்று கொடுத்தால் நாலில் மூன்று கோரிக்கை முதலாவதற்குப் போகும். ‘பேக்கப்’ என்று குறித்த வழங்கிக்கோ, மற்றவை உயிரோடு இருக்கும்வரை ஒன்றுகூட வராது. இந்த வரிகளை உள்ளமைவுக் கோப்பில் எழுதும் மாணவரைச் ‘சமன்’ என்ற பெயர் குழப்பத்தான் செய்யும். ‘திசைவி’ (ரவுட்டர்) போலப் ‘பகிர்வி’ நாக்கில் நிற்கும். வினையாகவும் வளைகிறது: சுமையைப் பகிர், பகிர்வு முறை.

> ‘பகிர்’ கோப்புப் பகிர்வுக்குப் போய்விட்டதே?

‘சுமை’ முன்னால் நிற்கையில் யாரும் கோப்பை நினைக்கப்போவதில்லை.

வழங்கிகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கோரிக்கையைத் தரும் ரவுண்ட் ராபினுக்கு ‘வட்டச் சுழற்சி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை ‘முறைவைப்பு’ என்று சொன்னால் என்ன குறை? எங்கள் கடலூர்ப் பக்கம் ஏரியில் தண்ணீர் குறைந்தால் வாய்க்காலுக்கு வாய்க்கால் முறைவைத்துத்தான் விடுவார்கள். எடை சேர்ந்தாலும் சொல் தாங்கும்: ‘எடையிட்ட முறைவைப்பு’. இணைப்பு குறைவாக உள்ள வழங்கிக்கே அடுத்த கோரிக்கையைத் தரும் லீஸ்ட் கனெக்‌ஷனுக்குக் ‘குறைந்த இணைப்பு முறை’ போதும்.

நான் பிடிவாதமாக நிற்பது ‘டிரெயின்’ (drain) விஷயத்தில், அதாவது ஒரு வழங்கியைப் பராமரிப்புக்காக வரிசையிலிருந்து மெல்ல விலக்குவதில். ‘வெளியேற்றல்’ என்று எழுதியிருந்தீர்கள். அது உள்ளே இருப்பவரைத் துரத்துவது. அன்சிபிள் என்ற தானியக்கக் கருவி கொண்டு ஒவ்வொரு வழங்கியாகப் புதுப்பதிப்பு ஏற்றும்போது யாரையும் துரத்தக் கூடாது என்பதுதானே நோக்கம்? பகிர்வி அந்த வழங்கிக்குப் புது இணைப்பு கொடுப்பதை நிறுத்துகிறது. பெரிய கோப்பு ஒன்றை இறக்கிக்கொண்டிருப்பவர் முடித்துவிட்டுப் போகிறார். கடைசி இணைப்பும் அற்றபின் செயலியை நிறுத்தி, புதுப்பதிப்பை ஏற்றி, சோதனையில் தேறினால் மறுபடி வரிசையில் சேர்க்கிறோம். இதற்கு ‘வடியவிடல்’ என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

வழங்கி சரியாக இயங்குகிறதா என்று பகிர்வி அவ்வப்போது பார்க்கும் ஹெல்த் செக்குக்கு ‘நலச்சோதனை’ என்பதில் ஒரு தயக்கம். ஹெச்ஏபிராக்சியில் சோதனையை இயக்கிவிட்டு வேறெதுவும் சொல்லாவிட்டால், 2 நொடிக்கு ஒருமுறை வழங்கியின் போர்ட்டில் (இணைப்பு வாயில்) இணைந்து பார்க்கும், அவ்வளவுதான். தொடர்ந்து 3 முறை தவறினால் ஒதுக்கும், 2 முறை கிடைத்தால் மீண்டும் சேர்க்கும். தரவுத்தளம் விழுந்து, கேட்ட பக்கத்துக்கெல்லாம் 500 பிழை (வழங்கியின் உட்கோளாறு) போய்க்கொண்டிருந்தாலும் அது ‘நலம்’ என்றே சொல்லும். ஆகவே வெறும் இணைப்பைப் பார்ப்பதை ‘இணைப்புச் சோதனை’ என்போம். எச்டிடிபி (வலைப்பக்கம் கேட்டுப் பெறும் நெறிமுறை) வழியே ஒரு பக்கத்தைக் கேட்டு, வரும் விடையைப் பார்ப்பது மட்டும் ‘நலச்சோதனை’. கையேட்டில் இப்படிப் பிரித்துவைத்தாலே மாணவர்கள் இரண்டாவதை எழுதப் பழகுவார்கள்.

மென்பொருளை எழுதுவோரும் இயக்குவோரும் சேர்ந்து வேலைசெய்யும் முறையான டெவ்ஆப்ஸ் என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். 2009-இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் நடந்த கூட்டத்தின் பெயரிலிருந்து பரவியது அது. பெயருக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

கையேடு அச்சுக்குப் போகுமுன் ‘வடியவிடல்’ பற்றியாவது புதுச்சேரி நண்பர்கள் கருத்துச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
மஞ்சக்குப்பம், கடலூரிலிருந்து