வனிலா மணக்காத மெழுகுவர்த்தி

கேள்வி (செயிந்த் ஆந்த்ரே, ரீயூனியன் தீவு):
வணக்கம். தீபாவளிக்கு உறவினர் வீடுகளுக்குக் கொடுப்பதற்காகக் கண்ணாடிக் குவளைகளில் வாசனை மெழுகுவர்த்தி செய்து பார்த்தேன். 400 கிராம் சோயா மெழுகை உருக்கி, கேக்கில் ஊற்றும் வனிலா எசன்ஸ் நான்கு தேக்கரண்டி சேர்த்து, அழகுக்காக எங்கள் ஊர் வனிலாக் காய்கள் இரண்டைக் கீறி மேலே பதித்தேன். ஆறிய பின் குவளையின் அடியில் பழுப்பு நீர் முத்து முத்தாகத் தேங்கியிருந்தது. ஏற்றினால் திரி சடசடவென்று பொரிகிறது. வனிலா மணமோ துளியும் இல்லை. எசன்ஸை இன்னும் கூட்ட வேண்டுமா?

பதில் 1 (லு தாம்பொன்):
கூட்ட வேண்டாம், அம்மா. எசன்ஸில் இருப்பது பெரும்பாலும் நீரும் சாராயமும்தான். அவை மெழுகோடு ஒருநாளும் கலப்பதில்லை. அடியில் தேங்கியது அதுவே, திரி அந்த ஈரத்தை உறிஞ்சுவதால்தான் பொரிகிறது. மெழுகுவர்த்திக்கென்றே விற்கும், எண்ணெயில் கரையும் வனிலா வாசனையை வாங்குங்கள். கரண்டிக் கணக்கை விட்டுவிட்டுத் தராசில் நிறுங்கள்: எட்டு விழுக்காடு என்றால், 400 கிராம் மெழுகுக்கு 32 கிராம். மெழுகு 80 முதல் 85 டிகிரி வரை சூடாக இருக்கும்போது ஊற்றி, இரண்டு நிமிடமாவது நிதானமாகக் கிளறினால்தான் வாசனை மெழுகில் சீராகப் பரவும். வெள்ளை மெழுகு சில நாட்களில் இளம்பழுப்பானால் அஞ்ச வேண்டாம், வனிலாவுக்கு மணம் தரும் வனிலின் என்ற பொருளின் குணம் அது.

காய்களை மட்டும் அவசியம் எடுத்துவிடுங்கள். உருகிய மெழுகில் மிதந்து திரியருகே வரும் காய் தானும் பற்றிக்கொண்டு இன்னொரு திரியாக எரியும். அந்தச் சூட்டில் குவளை வெடிக்கக்கூடும். 1841-இல் எட்மோன் அல்பியூஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் வனிலாப் பூவுக்குக் கையால் மகரந்தம் சேர்க்க வழி கண்டதால் இத்தீவில் காய்த்த காய் அது, பாயசத்தில் போடுங்கள்.

பதில் 2 (சான் தெனி):
மேலே சொன்னதெல்லாம் சரி. என் விருப்பம் வேறு: மலைப்பக்கத்தில் காய்ச்சி வடிக்கும் ஜெரேனியம் எண்ணெய் நம் வீடுகளுக்கு வனிலாவைவிடப் பொருந்தும். ஒரு லிட்டர் எண்ணெய்க்குப் பல நூறு கிலோ தழை வேண்டும் என்பதால் விலை அதிகம். ஆகவே முதலில் 100 கிராம் மெழுகில் 6 கிராம் மட்டும், சற்றுக் குறைந்த சூட்டில் சேர்த்துச் சோதித்துப் பாருங்கள். மெழுகு உருக்கும் பாத்திரத்தை வெந்நீருக்குள்தான் வைக்க வேண்டும். நேரே அடுப்பில் வைத்துவிட்டுத் தொலைபேசி எடுக்கப் போனவன் நான். திரும்பும்போது மெழுகு புகைந்துகொண்டிருந்தது. தீயே பிடித்தாலும் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்பை அணைத்து மூடியால் மூடிவிட வேண்டும். வார்த்த மெழுகுவர்த்தியை இரண்டு வாரம் மூடி வையுங்கள். சோயா மெழுகுக்கு அந்த ஓய்வு இல்லாவிட்டால் மணம் எழும்பாது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஜெரேனியத்தில் ஒரு சிறு குவளை வார்த்து, இரண்டு வாரம் பொறுத்து, திரியை அரை சென்டிமீட்டராக நறுக்கி நேற்று மாலை ஏற்றினேன். முதல்முறை மெழுகு விளிம்புவரை உருகாவிட்டால் அடுத்த முறைகளில் நடுவே குழிதான் விழும் என்று படித்திருந்ததால், மூன்று மணி நேரம் அணைக்காமல் பக்கத்திலேயே அமர்ந்திருந்தேன். முன்னறையில் ஏற்றியது சமையலறை வரை மணந்தது. மெழுகில் ஊறிய அந்த இரண்டு காய்களைத்தான் பாயசத்துக்கு மீட்க முடியவில்லை.