குழந்தையின் முகத்தைக் காட்டித்தான் நிதி திரட்ட வேண்டுமா?

மடிப்பாக்கத்தான்:
எங்கள் குடியிருப்பில் 64 வீடுகள். பக்கத்துத் தெருவில் இருக்கும் குழந்தைகள் இல்லத்துக்காக, பள்ளி திறப்பதற்குள் 'கல்வி நிதி' என்று ஒன்றரை லட்சம் சேர்க்கப் பார்க்கிறோம். போன வருடம் வாட்ஸ்அப் குழுவில் வேண்டுகோளை எழுத்தில் மட்டும் வைத்தோம். 11 வீடுகள் தந்தன. இந்த முறை, இரட்டைச் சடையோடு நோட்டை நெஞ்சில் அணைத்து நிற்கும் ஒரு சிறுமியின் படத்தைச் சேர்த்தோம். இரண்டே நாளில் 30 வீடுகள்! இப்போது ஒருவர் படத்தை எடுத்தே ஆக வேண்டும் என்று சண்டைக்கு வருகிறார். இல்லத்தார் சம்மதித்துத்தான் தந்தார்கள். இதில் என்ன தவறு?

கோடம்பாக்கம் டீச்சர்:
சார், சண்டைக்கு வந்தவர் சொல்வதுதான் சரி. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவைப் படியுங்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் அடையாளம் தெரியும்படி வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். குழந்தையின் நலனுக்கு அவசியம் என்றால், இந்தச் சட்டப்படி அரசு அமைக்கும் குழந்தைகள் நலக் குழு, காரணத்தை எழுதி வைத்து அனுமதி தரலாம். இல்லத்தார் தலையாட்டுவது அந்த அனுமதி ஆகாது.

மடிப்பாக்கத்தான்:
டீச்சர், குழந்தைகளைக் கெடுப்பவர்களுக்காகப் போட்ட சட்டத்தை உதவ வருகிறவர்கள் மேல் காட்டினால் எப்படி? அரசே எல்லாம் செய்தால் நாங்கள் ஏன் உண்டியலைத் தூக்கப் போகிறோம்?

கோடம்பாக்கம் டீச்சர்:
நான் வேலை பார்ப்பது அரசுப் பள்ளி. கட்டணம் கிடையாது, புத்தகம், சீருடை, மதிய உணவு எல்லாம் உண்டு. தொடக்க வகுப்புகளுக்கு 2022 முதல் காலை உணவும் வந்துவிட்டது. அதனால்தான் 'கல்வி நிதி' என்று பொதுவாகச் சொன்னால் எனக்குச் சந்தேகம் வருகிறது. எதற்கு, எவ்வளவு என்று எழுதுங்கள். காரணம் தெரிந்தால் படம் இல்லாமலும் தருவார்கள்.

இல்ல நிர்வாகி:
தரமாட்டார்கள், மேடம். இருபது வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். எங்களுக்கு மாதாமாதம் இடிக்கிற செலவு ஆயாம்மாக்களின் சம்பளம்தான். காய்ச்சல் அடிக்கும் பிள்ளையை நடுராத்திரி ஆட்டோவில் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர் அவர்தான். 'ஆயாம்மா சம்பளத்துக்குப் பணம் வேண்டும்' என்று கேட்டுப் பாருங்கள், ஒரு ரூபாய் வராது. 'உங்கள் பிறந்தநாளை எங்களோடு கொண்டாடுங்கள்' என்றால் வரிசையில் நிற்பார்கள்.

ஒரு ஞாயிறு மதியம் மூன்று வீட்டாரிடமிருந்து மூன்று அண்டா பிரியாணி வந்து இறங்கியது. மூன்று முறையும் பிள்ளைகள் எழுந்து நின்று வாழ்த்துப் பாடினார்கள். மூன்றாவது கேக்கைத் தொட ஆளில்லை. அதே வாரம் புதன்கிழமை மளிகைக்கடைப் பாக்கிக்கு நான் தவணை சொன்னேன். படம் போடுவது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் படம் போட்ட மாதத்தில்தான் சம்பளம் தேதிக்குக் கொடுக்க முடிகிறது. எனக்கு வேறு வழி சொல்லிவிட்டு அப்புறம் சட்டம் பேசுங்கள்.

கணக்கர் தி.நகர்:
நன்கொடை தருபவர்களுக்கு ஒன்று. அந்த இல்லம் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி பதிவானதா என்று முதலில் கேளுங்கள். நன்கொடைக்குக் கிடைக்கும் வருமான வரி விலக்கு (80ஜி என்பார்கள்) பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது. குடியிருப்புச் சங்கத்தின் கணக்கில் சேர்க்காமல் நேரே இல்லத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள், ரசீது உங்கள் பெயரில் வரும்.

வியாசர்பாடிப் பையன்:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் இல்லத்தில் வளர்ந்தவன். ஒன்பது வயதில் ஒரு நாள் புதுச் சட்டை போட்டுவிட்டுப் படம் எடுத்தார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எட்டாம் வகுப்புக்குப் போவதற்கு முந்தைய லீவில் ஒரு நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறைச் சுவரில் பழைய காலண்டர் ஒன்று தொங்கியது. ஜூலை மாதப் பக்கத்தில் நான். கீழே 'இவனுக்கு யாருமில்லை' என்று அச்சடித்திருந்தார்கள். எனக்கு அம்மா இருந்தார். கட்டட வேலைக்காக ஊர் ஊராகப் போனதால்தான் என்னை இல்லத்தில் விட்டிருந்தார்.

நண்பனின் அம்மா காலண்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் தட்டுகளில் தலைக்கு இரண்டு தோசை இருந்தது. எனக்கு மட்டும் மூன்றாவதை நெய் ஊற்றிக் கொண்டுவந்தார். நல்ல மனுஷிதான். ஆனால் அந்தத் தோசையை என்னால் விழுங்க முடியவில்லை. அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு நான் போகவேயில்லை.

நிர்வாகி அக்கா, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆயாம்மாவும் ஒருவர் இருந்தார். ஆனால் காலண்டரை வைத்துத் திரட்டிய பணம் எனக்குப் பதினெட்டு முடிந்ததும் நின்றுவிட்டது. மீசை முளைத்தவன் படத்தைப் பார்த்து யாரும் இளகுவதில்லை. இல்லத்தை விட்டு வந்த பிறகும் 21 வயது வரை உதவி, அதாவது பின்பராமரிப்பு, தரச் சட்டத்தில் இடம் இருக்கிறது, எனக்கு அது தெரியாது. கல்லூரி விடுதியைத் தீபாவளிக்குப் பூட்டியபோது இரண்டு இரவு சென்ட்ரலில் உட்கார்ந்திருந்தேன்.

இல்ல நிர்வாகி:
தம்பி, எங்கள் காலண்டரிலும் அப்படித்தான் ஒரு வரி போடுகிறோம். அம்மா இருக்கும் பிள்ளைகளுக்கும் அதே வரிதான். அது பொய் என்று நான் யோசித்ததே இல்லை. அந்த வரி போய்விடும், இந்த வருடமே. ஆனால் படம் இல்லாமல் சம்பளம் வரும் என்று இன்னமும் நான் நம்பவில்லை.

கோடம்பாக்கம் டீச்சர்:
அம்மா இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு, மேடம். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தின் நிதி ஆதரவில், தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள், குழந்தை வீட்டிலேயே வளரலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். தம்பியின் அம்மாவைப் போல் இடம் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு அது போதாது, ஒத்துக்கொள்கிறேன்.

மடிப்பாக்கத்தான்:
படத்தை நேற்று இரவே எடுத்துவிட்டேன். ஆனால் வாட்ஸ்அப்பில் அது எத்தனை கைக்குப் போயிருக்குமோ, என்னால் திரும்ப வாங்க முடியாது. அந்தச் சிறுமி நம் தெருப் பள்ளியில்தான் படிக்கிறாள். தம்பி எழுதியதைப் படிக்கும்வரை எனக்கு அது உறைக்கவேயில்லை.

புது வேண்டுகோளில் மூன்று வரிதான்: ஆயாம்மா இருவரின் ஆறு மாதச் சம்பளம், மாலை டியூஷன் ஆசிரியருக்கு, கண்ணாடி வேண்டிய நான்கு பிள்ளைகளுக்கு. இன்று காலை முதல் ஏழு வீடுகள் தந்திருக்கின்றன. முப்பது வருமா என்று தெரியாது. தம்பி, நான்காவது வரியாக 'கல்லூரி விடுதி மூடும் நாட்களில் தங்க இடம்' என்று சேர்க்கலாமா? எங்கள் மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது.

வியாசர்பாடிப் பையன்:
சேருங்கள் அண்ணா. அறைக்குத் தனிச் சாவி ஒன்றும் கொடுங்கள். வரும்போதெல்லாம் மணி அடித்துக் காத்திருக்க வைக்காதீர்கள்.