பிஜிபி கீ மாற்றப் போய் செஷன் விழுந்த ராத்திரி

மார்த்தாண்டத்தில் ஒரு சின்ன இணைய நிறுவனத்தில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு மேலே இருந்து லைன் தருகிறவர்கள் திருவனந்தபுரத்தில். அவர்கள் ரூட்டருக்கும் எங்கள் ரூட்டருக்கும் நடுவே, எந்த முகவரிக்கு எந்த வழி என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள ஓடும் பிஜிபி செஷனுக்கு எம்டி5 பாஸ்வேர்டு உண்டு. அதை வைத்துக் கணக்கிட்ட ஒரு முத்திரை (டைஜெஸ்ட்) ஒவ்வொரு பாக்கெட்டிலும் போகும். வெளியாள் யாரும் போலி ரீசெட் பாக்கெட் அனுப்பி செஷனை அறுத்துவிடக் கூடாது என்று 1998-இல் ஆர்எஃப்சி 2385 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் வந்த ஏற்பாடு இது. வேலையை விட்டுப் போன ஒருவருக்கும் அந்தக் கீ, அதாவது பாஸ்வேர்டு, தெரியும், அதனால் மாற்ற முடிவு செய்தோம்.

ராத்திரி ஒரு மணி, வெளியே இடவப்பாதி மழை, போனில் அந்தப் பக்கத்துச் சேட்டன். எதிர்ப்பக்கத்திலிருந்து செய்தி வராவிட்டாலும் செஷனை அறுக்காமல் காத்திருக்கும் ஹோல்டு டைம் 180 விநாடி, அதற்குள் இரண்டு பக்கமும் புதுக் கீ போட்டுவிட்டால் செஷன் விழாது. போட்டோம். மூன்று நிமிடத்தில் விழுந்தது. மழையில் பைபர் போய்விட்டது என்று நினைத்து, மறுமுனை பதில் தருகிறதா என்று பிங் கூட அடித்துப் பார்க்காமல் குழித்துறைக்கு ஆளை அனுப்பிவிட்டேன், அந்தப் பையன் நனைந்ததுதான் மிச்சம். பிறகு அடித்தால் பிங் நன்றாகவே போனது, லைனில் கோளாறு இல்லை. கீ பொருந்தாத பாக்கெட்டை ரூட்டர் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும், அனுப்பியவருக்குப் பதிலே போகாது.

அப்புறம்தான் ரூட்டர் பதிந்து வைக்கும் லாக் பார்த்தேன், ‘இன்வேலிட் எம்டி5 டைஜெஸ்ட்’ என்று வரிசையாக. வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்து ஒட்டியதில் கீயின் கடைசியில் ஒரு ஸ்பேஸ் சேர்ந்திருந்தது. கீயை வாட்ஸ்அப்பில் அனுப்பியதே தப்பு, அது வேறு.

—

அண்ணே, தக்கலையில் எனக்கும் இதே கதை, ஆனால் லாகில் ‘நோ எம்டி5 டைஜெஸ்ட்’ என்று இருந்தது. இடி விழுந்து அந்தப் பக்க ரூட்டர் போய், புதிதாக வைத்ததில் பாஸ்வேர்டு வரியையே விட்டுவிட்டார்கள். இன்வேலிட் என்றால் கீ வேறு, நோ என்றால் எதிர்ப்பக்கம் கீயே போடவில்லை. இந்த ஒரு வார்த்தையைப் பார்த்தாலே யாருக்குப் போன் போட்டு என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துவிடும். உங்க ரூட்டரில் எம்டி5-க்கு மாற்றாக வந்த டிசிபி-ஏஓ இருக்கா? 2010-இல் ஆர்எஃப்சி 5925-இல் வந்தது. அதில் ஒவ்வொரு கீக்கும் ஒரு எண் உண்டு, பழையதையும் புதியதையும் சேர்த்து வைத்துக்கொண்டு செஷன் விழாமலே மாறிக்கொள்ளலாம்.

—

எங்களிடம் இருக்கு தம்பி, சேட்டன் பக்கத்துப் பழைய ரூட்டரில்தான் இல்லையாம். அதை மாற்றும்வரை போனில் எழுத்தெழுத்தாகச் சொல்லி, இரண்டு பேரும் கையாலேயே அடிக்கிறோம்.