'ஃபியட் மணி': தமிழில் எப்படிச் சொல்வது?

கோவை:
அன்புள்ள நண்பர்களுக்கு, கல்லூரிப் பொருளியல் நூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஃபியட் மணி' மட்டும் பிடிபடவில்லை. தங்கமாக மாற்றித் தரும் கடப்பாடு இல்லாமல், அரசு சொன்னதால் செல்லும் பணம். 1971 ஆகஸ்டில் நிக்சன் அயல்நாட்டு மைய வங்கிகளின் டாலருக்குத் தங்கம் தருவதை நிறுத்தியபின் உலகமே இதில்தான் ஓடுகிறது. 'அரசாணைப் பணம்' என்று போட்டேன். மாணவர்கள் ஜி.ஓ.வை நினைப்பார்கள் என்கிறார் பதிப்பாசிரியர்.

தஞ்சாவூர்:
அம்மா, 'அரசு' வேண்டாம்; 'ஆணைப் பணம்' போதும். ஆனால் பணத்தைவிடக் காசு பழையது. சோழர் கல்வெட்டுகளில் 'அன்றாடு நற்காசு' வருகிறது. அன்றைக்கு வழக்கிலிருந்த நல்ல காசு. 'அன்றாடு காசு' என்றே எடுத்தாளலாமே?

யாழ்ப்பாணம்:
ஐயா, அது உலோகக் காசு. நாம் பெயர் தேடுவது உலோகத்தின் மாற்றும் (தரமும்) எடையும் இல்லாத தாளுக்கு. இங்கே திறைசேரி முறி, பிணைமுறி என்கிறோம். 'முறிப்பணம்' பொருந்துமா?

மதுரை:
முறி கடன் பத்திரம் ஆயிற்றே, குழப்பும். என் முன்மொழிவு 'இடுகுறிப் பணம்'. காரணம் இல்லாமல் முன்னோர் இட்டு, எல்லாரும் ஏற்று வழங்கும் பெயர்தானே இடுகுறிப் பெயர்.

நூறு ரூபாய்த் தாளை எடுத்துப் பாருங்கள். நூறு ரூபாய் தருவதாக ரிசர்வ் வங்கி ஆளுநர் உறுதி கூறிக் கையெழுத்திட்டிருப்பார். கொண்டுபோய்க் கேட்டால் இன்னொரு நூறு ரூபாய்தான் கிடைக்கும். ஒரு ரூபாய்த் தாளில் அந்த உறுதிமொழிகூட இல்லை. நிதித்துறைச் செயலரின் கையெழுத்தோடு சரி. இரண்டும் கடையில் செல்கின்றன.

ஆணையால்தான் செல்கின்றன என்பீர்கள். 1993இல் ஈராக் அரசு பழைய 25 தினார் தாளைச் செல்லாது என்றது. வடக்கே குர்துப் பகுதி மக்கள் அதையே புழங்கினார்கள். புதுத்தாளைப் பாக்தாத் அச்சடித்துத் தள்ள, பழையது கூடுதலாக வராததால் மதிப்பு ஏறியது. 2003இல் பணத்தை மாற்றியபோது ஒரு பழைய தினாருக்கு 150 புதிய தினார் கொடுத்தார்கள். சிம்பாப்வேயில் நூறு இலட்சம் கோடி டாலர் தாளுக்கு ஆணை இருந்தது, வாங்கத்தான் ஆளில்லை. எல்லாரும் ஏற்பதால் நிற்கிற குறி அது. இடுகுறிப் பெயரைப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று விளங்கும்.

தஞ்சாவூர்:
தம்பி, தமிழில் இடுகுறியே கிடையாது என்பவன் நான். 'எல்லாச் சொல்லும் பொருள்குறித் தனவே' என்கிறார் தொல்காப்பியர். இடுகுறிக்குக் காட்டும் 'மரம்'கூட மரத்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. இல்லாத ஒன்றின் பெயரில் கலைச்சொல் ஆக்க வேண்டாம்.

யாழ்ப்பாணம்:
பொருள் குறிப்பது வேறு, காரணம் பற்றி வருவது வேறு. 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா', அதாவது சொல்லுக்கு அப்பொருள் வந்த காரணம் வெளிப்படையாகத் தெரியாது என்றதும் அவர்தானே, ஐயா?

சென்னை:
2016 நவம்பரில் வங்கிக் கவுண்டரில் இருந்தவள் நான். சுருக்குப்பையிலிருந்து 500 ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்டிய பாட்டிக்கு ஒரே நாளில் அவை வெறுந்தாள் ஆனது அரசின் அறிவிப்பால்தான். ஊரார் ஏற்பு அன்று உதவவில்லை. கேட்டதும் புரிவது 'ஆணைப் பணம்'.

கோவை:
நான்கு பேரில் மூவர் 'ஆணைப் பணம்' பக்கம் சாய்வதாக எடுத்துக்கொள்கிறேன். அதையே போடுகிறேன். ஈராக் செய்தி பெட்டிச் செய்தியாக வரும். அனைவருக்கும் நன்றி.

யாழ்ப்பாணம்:
என்னை எந்தப் பக்கத்தில் சேர்த்தீர்கள்?

மதுரை:
தலைப்பில் 'ஆணைப் பணம்', கீழே ஆணை விலகியபின் மதிப்பு ஏறிய தினார். மாணவர் எதை நம்புவார்? நூலில் எப்படி வந்தாலும் என் வகுப்பில் 'இடுகுறிப் பணம்' என்றுதான் நடத்துவேன்.