ரோமுக்கு முதல் தனிப் பயணம்: நான்கு நாளை எப்படி அடுக்குவது?

செவ்வந்தி:

வணக்கம். அக்டோபர் கடைசி வாரம் ரோமுக்குப் போகிறேன். தனியாக வெளிநாடு கிளம்புவது இதுதான் முதல் தடவை. விசாவும் விமான டிக்கெட்டும் ஆச்சு. வியாழன் இரவு 10:40க்கு ஃபியுமிச்சீனோ விமான நிலையத்தில் இறங்குகிறேன், செவ்வாய் காலை புறப்பாடு. நடுவில் முழுசாக நான்கு நாள். டெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பி அண்ட் பி (காலை உணவோடு அறை தரும் தங்குமிடம்) எடுத்திருக்கிறேன்.

இப்போதைக்கு யோசித்து வைத்திருப்பது: வெள்ளி கொலோசியம், சனி பாந்தியன் (பழைய ரோமானியர் கோயில்), ட்ரெவி நீரூற்றுப் பக்கம் நடை, ஞாயிறு வாடிகன் அருங்காட்சியகம் (மாதக் கடைசி ஞாயிறு இலவசமாமே), திங்கள் போர்கேஸே கலைக்கூடம். இது சரிவருமா? அந்த இரவு நேரத்தில் ஊருக்குள் எப்படி வருவது? நான் சைவம். தனியாகப் போவதால் எதில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

பழையசுவர்:

செவ்வந்தி, கிழமைகளை மாற்றியே ஆக வேண்டும். போர்கேஸே திங்கட்கிழமை திறப்பதில்லை. வாடிகன் கடைசி ஞாயிறு இலவசம் என்பது உண்மைதான், ஆனால் அன்று முன்பதிவு கிடையாது. காலை 9 முதல் பகல் 2 வரைதான், 12:30க்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். 25 யூரோவை மிச்சம் பிடிக்கக் காலை முழுவதும் மதிலோரம் வரிசையில் நிற்க நேரிடும். வரிசையில் உங்கள் இடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதபோது, கழிப்பறைக்குப் போய் வருவதுகூடச் சிரமம்.

இப்படி அடுக்கிப் பாருங்கள்.

வெள்ளி: வாடிகன், காலை 8 மணி நேரச்சீட்டு. அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் சீட்டு 20 யூரோ, முன்பதிவுக் கட்டணம் 5 யூரோ. தேடும்போது முதலில் வருவதெல்லாம் இடைத்தரகர் தளங்கள். உண்மையான தளத்தின் முகவரி ‘டாட் வி ஏ’ என்று வாடிகன் நாட்டுக் குறியீட்டில் முடியும். மெட்ரோ ஏ பாதையில் ஒட்டாவியானோவில் இறங்கினால் சில நிமிட நடை. தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். சிஸ்டைன் சிற்றாலயத்தில் படம் எடுக்கக் கூடாது. கூரை ஓவியத்தை மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்தார். பலிபீடச் சுவரில் இருக்கும் ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியம் 1536–1541இல் வந்தது. இரண்டுக்கும் நடுவே கால் நூற்றாண்டு. முதலில் கூரை, பிறகு சுவர் என்று பார்த்தால் ஓவியரின் கை எப்படி மாறியிருக்கிறது என்பது தெரியும். சுவரோரம் பெஞ்சுகள் இருக்கின்றன. தனி ஆளுக்கு அங்கே இடம் சீக்கிரம் கிடைக்கும், உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள். நின்றபடி பார்த்தால் பத்து நிமிடத்தில் கழுத்து வலித்து வெளியே வந்துவிடுவீர்கள்.

அங்கிருந்து மதிலைச் சுற்றி நடந்தால் கால் மணி நேரத்தில் புனித பேதுரு பேராலயம். நுழைவு இலவசம், பாதுகாப்புச் சோதனை வரிசை மட்டும் உண்டு. குவிமாடம் ஏற 551 படி. பாதி தூரம் மின்தூக்கியில் போனாலும் 320 படி மிஞ்சும். மேலே போகப் போகச் சுவர் சாய்ந்து, வழி குறுகும். இடுக்கான இடம் ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்ப்பது நல்லது, ஏனென்றால் பாதியில் திரும்பி இறங்க வழியில்லை.

சனி: பாந்தியனைச் சுற்றிய பழைய நகரம், ஆலயங்கள்.

ஞாயிறு: போர்கேஸே. இரண்டு மணி நேரப் பகுதிகளாகத்தான் விடுவார்கள், முன்பதிவு இல்லாமல் போவதில் அர்த்தமில்லை. பையை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பெர்னினியின் அப்போலோ–டாஃப்னி சிலையை ஒரே இடத்தில் நின்று பார்க்காமல் சுற்றி நடந்து பாருங்கள். அப்போலோ துரத்த டாஃப்னி மரமாகிறாள், அவள் விரல்கள் இலையாக மாறும் இடத்தில் பளிங்கு அவ்வளவு மெல்லிசு.

திங்கள்: கொலோசியம், அதையொட்டிய ஃபோரம் (பழைய ரோமின் பொதுச்சதுக்க இடிபாடுகள்), பாலட்டைன் குன்று. மூன்றும் திங்களன்று திறந்திருக்கும். ஆனால் இங்கேதான் உங்கள் தேதியில் ஒரு சிக்கல். அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை 3 மணிக்குக் கடிகாரத்தை 2க்குத் திருப்புவார்கள். அன்றிலிருந்து கொலோசியம் மாலை 4:30க்கு மூடும், கடைசி அனுமதி 3:30. பொழுதும் 5 மணி சுமாருக்குச் சாய்ந்துவிடும். ஆகவே காலைச் சீட்டு எடுங்கள். சாதாரணச் சீட்டு 18 யூரோ, 24 மணி நேரம் செல்லும். அதில் குறித்திருக்கும் நேரம் கொலோசியத்துக்கு மட்டுமே. ஃபோரமும் பாலட்டைனும் சேர்ந்து ஒரு நுழைவு, வெளியே வந்துவிட்டால் மறுபடி விடமாட்டார்கள். சீட்டில் பெயர் இருக்கும், அதனால் அன்று பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பெரிய பை, கண்ணாடி பாட்டில் அனுமதி இல்லை, வைத்துப் போக இடமும் இல்லை.

கொலோசியத்தின் விற்பனை 30 நாள் முன்புதான் திறக்கும். திறக்கும் நாளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். நிரம்பிவிட்டது என்று காட்டினால், மறுநாள் திரும்பவும் தளத்துக்கு வந்து அதே தேதிக்கு ஒரே ஆள் என்று போட்டுத் தேடுங்கள். ஒற்றை இடங்கள் ரத்தாகித் திரும்ப வருவது உண்டு. ஜோடியாகப் போகிறவர்களுக்கு அது உதவாது, உங்களுக்கு உதவும்.

நள்ளிரவுரயில்:

வந்து இறங்குவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தனிப் பயணத்தில் பெரும்பாலும் சொதப்புவது முதல் இரவுதான்.

டெர்மினிக்கு நேராகப் போவது லியோனார்டோ எக்ஸ்பிரஸ்: 14 யூரோ, 32 நிமிடம். கடைசி வண்டி இரவு 11:30க்கு முன்பே போய்விடும். 10:40க்குத் தரையிறங்கி, பாஸ்போர்ட் சோதனை முடிந்து, பெட்டி வந்து சேர்வதற்குள் அது போயிருக்கும் என்று வைத்துக்கொள்வதே நல்லது. டிக்கெட்டை முன்கூட்டி வாங்க வேண்டாம். 8 யூரோவுக்கு இன்னொரு வண்டி இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அது எஃப்எல்1 என்ற உள்ளூர் ரயில், ட்ராஸ்டேவரே, ஓஸ்டியென்சே, திபுர்த்தீனா வழியாகப் போகும், டெர்மினிக்கு வராது. நடு இரவில் பெட்டியோடு வண்டி மாற வேண்டாம்.

டாக்ஸி எடுங்கள். விமான நிலையத்திலிருந்து ஔரேலியன் மதிலுக்குள் (பழைய நகரைச் சுற்றிய ரோமானியர் கால மதில்) எங்கே போனாலும் மாநகராட்சி நிர்ணயித்த ஒரே கட்டணம், 55 யூரோ. பெட்டிக்கும் இரவு நேரத்துக்கும் தனியாகக் காசு கிடையாது. டெர்மினி மதிலுக்குள்தான் வருகிறது. முறையான டாக்ஸி வெள்ளை நிறம், கூரையில் பலகை, உள்ளே மீட்டர், கதவில் மாநகராட்சிச் சின்னமும் எண்ணும். வருகைக் கூடத்துக்குள்ளேயே வந்து ‘டாக்ஸி வேணுமா’ என்று கேட்பவர் ஒருவரும் முறையான ஓட்டுநர் இல்லை. வெளியே வரிசையில் போய் நின்று, ஏறுவதற்கு முன் “தரிஃபா ஃபிஸ்ஸா?” என்று கேளுங்கள். நிலையான கட்டணம்தானா என்று பொருள். செலவு அதிகம் என்றால் டெர்மினிக்கு இரவிலும் பேருந்து உண்டு. ஆனால் ஸ்டேஷனிலிருந்து அறைக்கு நள்ளிரவில் பெட்டியை இழுத்து நடக்க வேண்டியிருக்கும்.

அதைவிட முக்கியம் பி அண்ட் பி. அந்தப் பகுதியில் முக்கால்வாசி பி அண்ட் பிகள் பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு தளம் மட்டுமே. தெருவில் பெரிய பலகை இருக்காது. கனத்த மரக்கதவு, பக்கத்தில் வரிசையாக அழைப்பு பொத்தான்கள், அதில் ஒன்றில் பொடி எழுத்தில் பெயர். இரவு வரவேற்பில் ஆள் இருக்க மாட்டார். இன்றைக்கே எழுதிக் கேளுங்கள்: நள்ளிரவுக்குப் பின் வந்தால் யார் கதவு திறப்பார், சங்கேத எண் என்றால் தெருக்கதவுக்கும் தளக்கதவுக்கும் வேறு வேறா, எந்த மாடி, தாமதமாக வருவதற்குத் தனிக் கட்டணம் உண்டா. பதிலைத் திரைப்பிடிப்பாக எடுத்து வையுங்கள். அங்கே ‘முதல் மாடி’ என்பது தரைத்தளத்துக்கு மேலே இருப்பது. நகர வரி என்று ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று தங்குமிடத்திலேயே வாங்குவார்கள். பல இடங்களில் ரொக்கம் கேட்பார்கள், கொஞ்சம் யூரோ தாள் வைத்திருங்கள். பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிவு செய்வது சட்டப்படி நடப்பது, பயப்பட வேண்டாம்.

ஊருக்குள் பேருந்து, மெட்ரோ: ஒரு டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம், அதற்குள் பேருந்து எத்தனை வேண்டுமானாலும் மாறலாம், மெட்ரோ ஒரு பயணம் மட்டும். கார்டைத் தொட்டும் போகலாம். ஒன்று கவனியுங்கள்: பிளாஸ்டிக் கார்டும், அதே கார்டைப் போனில் ஏற்றியதும் இயந்திரத்துக்கு வேறு வேறு. காலையில் ஒன்று, மாற்றுப் பேருந்தில் இன்னொன்று என்று தொட்டால் இரண்டு டிக்கெட் கணக்காகும். காகித டிக்கெட் என்றால் பேருந்தில் ஏறியதும் முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் பரிசோதகருக்கு ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமைகளில் போக்குவரத்து வேலைநிறுத்தம் அடிக்கடி வரும். ‘ஷோப்பெரோ’ என்ற சொல்லை ஸ்டேஷனில் பார்த்தால் அதுதான். அன்றும் காலை 8:30 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் வண்டி ஓட வேண்டும் என்பது விதி. உங்கள் 8 மணி வாடிகன் சீட்டுக்குக் காலையில் பிரச்சினை இல்லை.

செவ்வந்தி:

மிக்க நன்றி, இருவருக்கும். பி அண்ட் பிக்கு இப்போதே எழுதிவிட்டேன். திருட்டு பற்றி நிறையப் படித்துக் கொஞ்சம் கலக்கமாக இருக்கிறது. சாப்பாடும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

ஒற்றைப்பை:

கலங்க வேண்டாம் தங்கச்சி. ரோமில் அடித்துப் பிடுங்குவது அரிது, நைசாக உருவுவதுதான் அதிகம். அதுவும் குறிப்பிட்ட இடங்களில்: டெர்மினியின் மெட்ரோ நடைமேடை, ஏ பாதையில் டெர்மினிக்கும் ஸ்பான்யாவுக்கும் நடுவே, டெர்மினியிலிருந்து வாடிகன் பக்கம் போகும் 64ஆம் எண் பேருந்து. கதவு மூடுகிற நொடியில் கும்பலாக ஏறி, நெருக்கி, இறங்கிவிடுவார்கள். அதனால் கதவை ஒட்டி நிற்காதீர்கள், உள்ளே நகர்ந்துவிடுங்கள். போனைப் பின்பாக்கெட்டிலும் கையில் தளர்வாகவும் வைக்க வேண்டாம். டிக்கெட் இயந்திரத்தில் தானாக வந்து பொத்தான் அழுத்தி ‘உதவுகிறவர்’, கையெழுத்துக் கேட்டு அட்டையை நீட்டுகிறவர், மணிக்கட்டில் கயிறு கட்ட வருகிறவர், இந்த மூவருக்கும் நின்று பதில் சொல்ல வேண்டியதே இல்லை. நடந்துகொண்டே இருங்கள்.

இரண்டு கார்டு இருந்தால் ஒன்று உங்களிடம், மற்றது அறைப் பெட்டியில். தனியாகப் போகிறவருக்கு வரைபடம், டிக்கெட், பணம் எல்லாம் ஒரே போனில் இருப்பதுதான் உண்மையான ஆபத்து. பேட்டரி தீர்ந்தாலே திண்டாட்டம். தங்குமிட முகவரி, நேரச்சீட்டுகள், வீட்டு எண் மூன்றையும் காகிதத்தில் எடுத்துப் போங்கள். வரைபடத்தை இணையம் இல்லாமல் வேலை செய்யும்படி முன்பே இறக்கி வையுங்கள். ஒல்லியான இரண்டு முள் சார்ஜர் அங்கே நுழையும், பருமனான மூன்று முள் நுழையாது. ஏதாவது தொலைந்தால் அவசர எண் 112. பக்கத்துக் காவல் நிலையத்தில் ‘தெனுன்ச்சா’ என்ற புகார்த் தாள் வாங்கினால்தான் காப்பீடு கிடைக்கும்.

சாப்பாட்டுக்கு வருவோம். ரோமின் பேர்பெற்ற பாஸ்தா நான்கில் கார்போனாரா, அமத்ரிச்சானா, க்ரீச்சா மூன்றிலும் பன்றிக் கன்னக் கொழுப்பு உண்டு. அமத்ரிச்சானா பார்க்க வெறும் தக்காளி மாதிரி இருக்கும், ஏமாற வேண்டாம். மிச்சம் காச்சோ எ பெப்பே: பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும். அதிலும் பெக்கொரீனோ என்ற அந்தக் கட்டியை உறையவைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பைச் சாறு சேர்ப்பார்கள். அதுவும் ஆகாது என்றால் தவிர்த்துவிடுங்கள். பூசணிப்பூ பஜ்ஜி சைவம் போலத் தோன்றும், உள்ளே நெத்திலி வைப்பார்கள். சுப்ளி என்ற அரிசி உருண்டையில் பெரும்பாலும் இறைச்சிச் சாறு. எடைக்கு வெட்டித் தரும் பீட்ஸா கடைதான் தனி ஆளுக்கு வசதி, கையால் அளவு காட்டினால் போதும். ‘ரொஸ்ஸா’ என்றால் தக்காளி மட்டும், சீஸ் இல்லை. “சோனோ வெஜெதாரியானா, நியென்தே கார்னே, நியென்தே பேஷே” என்று சொல்லுங்கள்: நான் சைவம், இறைச்சியும் மீனும் வேண்டாம். மீனைத் தனியாகச் சொல்லாவிட்டால் நெத்திலி வந்துவிடும்.

இரவு உணவுக்கு 7:30க்குத்தான் கடை திறப்பார்கள். திறந்ததும் போனால் தனி ஆளுக்கும் மேசை கிடைக்கும், 9 மணிக்கு மேல் தயங்குவார்கள். காபியை நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம்: தெருவெங்கும் நசோனி என்ற இரும்புக் குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கும், நல்ல குடிநீர். குழாய் முனையை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளை வழியாக நீர் வளைந்து எழும், குனியாமல் குடிக்கலாம்.

பழையசுவர்:

சனிக்கிழமையை வேகமாகத் தாண்டிவிட்டேன், அதற்காக ஒரு சேர்க்கை. ஆலயங்கள் பல பகல் 12:30க்கு மூடி, 3 அல்லது 4 மணிக்குத்தான் மறுபடி திறக்கும். அதனால் காலையில் சான் கிளெமென்தே: மேலே 12ஆம் நூற்றாண்டு ஆலயம், அதன் கீழே 4ஆம் நூற்றாண்டு ஆலயம், அதற்கும் கீழே ரோமானியர் வீடும், அவர்கள் வணங்கிய மித்ரா என்ற தெய்வத்தின் வழிபாட்டுக் குகையும். அடித்தளத்தில் நீர் ஓடும் சத்தம் கேட்கும். இந்த நகரம் தன்மேலேயே அடுக்கடுக்காக எழுந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் அங்கே இல்லை. மற்ற ஆலயங்கள் மூடியிருக்கும் மதிய நேரத்தில் பாந்தியன், 5 யூரோ. அதுவும் ஆலயம்தான், சனி மாலையும் ஞாயிறு காலையும் பூசை நேரத்தில் பார்வையாளருக்கு இடமில்லை. ஆகவே மதியமே போய்விடுங்கள். குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து அதன் உயரமும் ஒன்று, 43.3 மீட்டர். நடுத்துளை திறந்தே இருக்கும். மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். அக்டோபரில் மழைக்கு வாய்ப்புண்டு, அன்று தரையின் வடிகால் துளைகளைத் தேடிப் பாருங்கள். பக்கத்திலேயே சான் லூயிஜி தே ஃப்ரான்சேசி ஆலயம், அங்கே ஓவியர் கரவாஜ்ஜோ புனித மத்தேயுவைப் பற்றி வரைந்த மூன்று ஓவியங்கள், இலவசம். சில ஆலயங்களில் ஓவிய விளக்கு காசு போட்டால்தான் எரியும், சில்லறை இருக்கட்டும்.

திங்களன்று கொலோசியம் முடிந்ததும் கூட்டம் போகும் ஃபோரம் வாசலுக்குப் போகாமல் சான் க்ரெகோரியோ தெரு வாசலில் நுழையுங்கள், வரிசை குறைவு. முதலில் பாலட்டைன் ஏறி, மேலிருந்து ஃபோரத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். செருப்பு வேண்டாம். அந்தக் கருங்கல் பாவிய பாதை ஈரத்தில் வழுக்கும், தடித்த ரப்பர் அடி உள்ள பழகிய ஷூ போடுங்கள். புது ஷூவை அங்கே போய்ப் பழக்க நினைக்காதீர்கள்.